களிமண்ணில் கை வையுங்கள்!

"எனக்குக் கைவேலை வராது" என்று சொல்லும் ஸ்காபரோ அக்காமாரே, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் அண்ணன்மாரே, அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்! வராது என்று யார் சொன்னது? ஒரு பிடி களிமண்ணையாவது பிசைந்து பார்த்தீர்களா?

ஊரில் இந்தத் தொழிலைச் சுற்றி நாமே வேலி போட்டோம். திகிரி ஒரு சாதிக்குரியது என்றோம். அந்தச் சாதியிலும் பல இடங்களில் பெண்கள் மண் மிதிக்கலாம், பானை சுமக்கலாம், சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது. வெட்கக்கேடு! ரொறன்ரோவின் மட்பாண்ட வகுப்பில் எவரும் உங்கள் பூர்வீகத்தைத் துருவுவதில்லை. காசு கட்டினால் மண் தருவார்கள். காசு கொஞ்சம் கூடத்தான், மறைக்கவில்லை.

சக்கரத்தைக் கண்டால் பயமா? சக்கரமே வேண்டாம். 1950இல் நைரோபியில் பிறந்த மக்டலீன் ஒடுண்டோ, வரைகலை படிக்கவே இங்கிலாந்து போனார். அங்கே மண் அவரைப் பிடித்துக்கொண்டது. 1974இல் நைஜீரியாவின் அபுஜா மட்பாண்ட நிலையத்துக்குப் போய், லாடி குவாலி முதலிய பெண்கள் சக்கரமில்லாமல் வெறுங்கையால் பானை வனைவதைக் கற்றார். அந்த லாடி குவாலியின் உருவம் இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் இருக்கிறது! ஒடுண்டோ கையால் வளர்த்தெடுத்த சாடிகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. 2023இல் நமது நகரத்துக் கார்டினர் அருங்காட்சியகத்துக்கும் வந்தன. 1984இல் திறந்த அந்த இடம் மட்பாண்டங்களுக்கென்றே உள்ளது; மியூசியம் சப்வே நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். வகுப்புகளும் அங்கேயே நடக்கின்றன.

எப்படிச் செய்வது? மண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றுங்கள். கயிறாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்குங்கள். ஒட்டும் இடத்தைக் கீறி, கூழ்மண் தடவுங்கள். சோம்பினால் காயும்போது அங்கேதான் பிளக்கும். பூந்தொட்டி என்றால் மண் தோல்போல இறுகிய பதத்தில் அடியில் துளை இடுங்கள். பூச்சாடி என்றால் உள்ளே மெருகு பூசுங்கள், இல்லாவிட்டால் மேசையில் தண்ணீர் கசியும். அவசரப்படாமல் காயவிடுங்கள். ஈரம் மிஞ்சிய பாண்டம் சூளையில் வெடிக்கும். முதற்சூடு 1000 பாகை செல்சியஸ் அளவில். அதன் பிறகே மெருகு பூசி, வன்மண் (stoneware) பாண்டத்துக்கு 1200 பாகையைத் தாண்டவேண்டும்.

நமது மாரிகாலத்துக்கு ஒரு சொல். குறைந்த சூட்டில் வெந்த தொட்டி தண்ணீர் குடிக்கும். அந்தத் தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், தொட்டி பிளக்கும். பனிக்கு முன்னர் பல்கனியிலிருந்து உள்ளே எடுத்துவிடுங்கள்.

கோணிப் போகுமே என்கிறீர்களா? போகட்டும்! சுடாத மண்ணுக்குத் தோல்வியே கிடையாது. உடைத்து, காயவைத்து, ஊறவைத்துப் பிசைந்தால் திரும்பவும் அதே களிமண். பள்ளிக்கூடச் சோதனையில் கூட உங்களுக்கு இத்தனை வாய்ப்பு யாரும் தந்ததில்லை. பிறகென்ன நடுக்கம்?

இந்த நகரமும் மண்ணில் எழுந்ததுதான். டொன் பள்ளத்தாக்கில் 1889 முதல் 1984 வரை களிமண் தோண்டிச் செங்கல் சுட்டார்கள். காசா லோமா மாளிகைக்கும் அங்கிருந்து செங்கல் போனது.

ஆகவே அக்கா, அண்ணா, தொலைக்காட்சித் தொடரை நிறுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள். இந்தக் கிழமையே அருகிலுள்ள வகுப்பில் பெயரைப் பதியுங்கள்!