அலங்காரமும் ஆராதனையும்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளியின் வீடு, பெரும்பாலும் கீழே ஓர் அறையும் மேலே ஓர் அறையும் கொண்டதாய், சமையலும் சாப்பாடும் குழந்தைகளின் விளையாட்டும் முதியோரின் ஓய்வும் ஒரே கணப்பைச் சுற்றி நடந்தாக வேண்டிய அளவுக்குக் குறுகியதாய் இருந்தது. அந்த வீட்டுக்குள் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாலையில், வேலிகளிலும் தோப்புகளிலும் வெட்டிய பசுங்கிளைகள் வந்து சேரும். முள்விளிம்பிட்ட பளபளப்பான இலைகளும் செக்கச் செவேலென்ற கனிகளும் உடைய ஹாலிக் கிளையைக் கணப்பின் மேற்பலகையில் வைப்பார்கள். கடிகாரத்தின் உச்சியிலும், சட்டமிட்ட படங்களின் பின்னாலும், அலமாரியில் சாய்த்து அடுக்கிய பீங்கான் தட்டுகளின் இடுக்குகளிலும் ஐவிக் கொடியைச் செருகுவார்கள். அரச குடும்பத்தார் கிறிஸ்துமஸ் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை 1848-ம் ஆண்டில் 'இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை வெளியிட்ட பிறகு, ஜெர்மனியிலிருந்து வந்த அந்த மர வழக்கம் வசதியுள்ளோர் இல்லங்களில் விரைந்து பரவிற்று. ஆனால் குடிலில் மரம் நிற்க இடமேது? பல ஊர்களில் பழைய முறைப்படியே, வளையங்களை ஒன்றுக்கொன்று குறுக்காகக் கோத்து, அவற்றின் மேல் தழை சுற்றி, சிவந்த ஆப்பிள்களைக் கட்டி, அடியில் மிஸில்டோ என்னும் செடியின் கொத்தொன்று தொங்குமாறு உத்தரத்தில் மாட்டினார்கள்.

1880-களில் ஆக்ஸ்போர்டுஷயர்க் குக்கிராமம் ஒன்றில் இளமையைக் கழித்த ஃபிளோரா தாம்ப்ஸன், 1939-ல் வெளிவந்த 'லார்க் ரைஸ்' என்னும் தமது நூலில், வாரத்துக்குப் பத்து ஷில்லிங் கூலி வாங்கிய குடும்பங்களின் கிறிஸ்துமஸ் எவ்வளவு அடக்கமாகக் கழிந்தது என்பதை எழுதியிருக்கிறார். ஹாலி மிகுதியாக விளையாத பிரதேசம் அது. ஆகவே ஐவியையும் கைக்குக் கிடைத்த பிற தழைகளையும் கூரையிலும் படங்களின் மேலும் தொங்கவிட்டு, வீட்டிலேயே வடித்த பழமதுவின் புட்டி ஒன்றைத் திறந்து, நல்ல நெருப்பாக மூட்டி, குளிர்காற்று புகாமல் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு அவரவர் கணப்போரமாய் அமர்ந்தார்கள் என்கிறார்.

இத்துணை எளிய செயலைப் பற்றித்தான் கிறிஸ்தவ உலகம் தொடக்க நூற்றாண்டுகள் முதலாகத் தர்க்கித்து வந்திருக்கிறது. சத்திரத்தில் இடமின்றி, மிருகங்கள் தீனி தின்னும் முன்னணையில் கிடத்தப்பட்ட ஒரு சிசுவின் ஜனனத்தைக் கொண்டாட வீட்டை அலங்கரிப்பது பக்தியின் வெளிப்பாடா, பக்தி இருக்கவேண்டிய ஸ்தானத்தில் வந்து அமர்ந்துகொள்ளும் படாடோபமா? உள்ளத்தில் ஏற்ற வேண்டிய தீபத்தை வாசலில் ஏற்றிவிட்டு, கடமை முடிந்ததென்று மனிதன் மனநிறைவு கொண்டுவிடுகிறானா? இவை அற்பமான கேள்விகள் அல்ல. இவற்றை எழுப்பியவர்களும் அற்பமானவர்கள் அல்லர்.

ஏறக்குறைய 200-ம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரில் எழுதிய டெர்ட்டூலியன், விக்கிரக வழிபாட்டினரின் திருநாள்களில் கிறிஸ்தவர்களும் தங்கள் வாயில்களில் விளக்கேற்றித் தழைமாலை கட்டுவதைக் கண்டு மனம் நொந்து கடிந்துகொண்டார். ஆனால் நான்கு நூற்றாண்டுகள் சென்றபின், 601-ம் ஆண்டில், இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்த மெல்லிட்டஸ் என்னும் துறவிக்குப் போப் கிரெகோரி எழுதிய கடிதத்தில் வேறொரு மனப்பாங்கைக் காண்கிறோம். அம்மக்களின் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், விக்கிரகங்களை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துத் தேவாலயங்களாக மாற்றினால் போதும் என்று சொன்ன அவர், திருநாள்களில் அந்த ஆலயங்களைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தலிட்டு, முன்பு பலியிட்ட கால்நடைகளை இப்போது இறைவனுக்கு நன்றி கூறி விருந்தாக உண்ணட்டும் என்றும் அனுமதித்தார். ஒரு சமூகத்தின் கைகள் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பசுங்கிளையைப் பிடுங்கி எறியாமல், அதே கிளையை வேறொரு வாசலில் கட்டச் சொன்ன அந்த விவேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த விவேகம் எல்லாக் காலத்திலும் நிலைக்கவில்லை. பியூரிட்டன்கள் என்ற கடும் ஒழுக்கக் கிறிஸ்தவர்களின் கை ஓங்கியிருந்த இங்கிலாந்துப் பார்லிமெண்டு, 1644-ல் கிறிஸ்துமஸ் நாளையும் உபவாச நாளாகவே அனுஷ்டிக்கச் செய்து, 1647-ல் அப்பண்டிகையையே நீக்கிச் சட்டமியற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 25-ம் தேதி கடைகளைத் திறந்துவைக்க வேண்டுமென்று காண்டர்பரி நகராட்சித் தலைவர் ஆணையிட்டபோது ஜனங்கள் கலகம் செய்தார்கள். வீட்டு வாசல்களில் ஹாலிக் கொத்துகளைத் தொங்கவிட்டதே அங்கு எதிர்ப்பின் அடையாளமாயிற்று. 1660-ல் முடியாட்சி மீண்டதும் பண்டிகையும் மீண்டது. ஆயினும், ஆட்சி மாறியதனால் தீர்ந்துவிடக்கூடிய வினாவன்று அது. சட்டம் விட்டுவிட்ட பிறகும் மனச்சாட்சி அதைப் பற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு விக்டோரியா யுகத்துச் சிறிய வீடு ஒன்றே சான்று பகரும்.

டெவன் கடற்கரையில், செயிண்ட் மேரிச்சர்ச் என்னும் ஊரில் இருந்தது அந்த வீடு. அதன் தலைவர் ஃபிலிப் ஹென்றி காஸ், பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்தவர், இயற்கை நூலறிஞர். அவருடைய மனைவி 1857-ம் ஆண்டின் தொடக்கத்தில் காலமாகிவிட்டார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில், மற்ற நாள்களின் உணவுக்கும் அன்றைய உணவுக்கும் எவ்வித வேறுபாடும் இருக்கக்கூடாதென்று அவர் கண்டிப்பாகக் கட்டளையிட்டிருந்தார். வேதத்தில் விதிக்கப்படாத அந்தத் திருநாள் அவருக்கு விக்கிரக ஆராதனையின் எச்சமாகவே தோன்றிற்று. வேலைக்காரப் பெண்கள் ரகசியமாகத் தங்களுக்கென்று ஒரு சிறு புட்டிங் செய்துகொண்டார்கள்; பாவம் பிள்ளை என்ற இரக்கத்தினால் எட்டு வயதுச் சிறுவன் எட்மண்டைச் சமையலறைக்கு அழைத்து ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் வயிற்று வலியோடு மன வேதனையும் சேர்ந்துகொள்ள, அவன் தந்தையின் அறைக்கு ஓடி, விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்டுவிட்டதாகக் கதறினான். தந்தை விரைந்து வந்து, எஞ்சியிருந்த புட்டிங்கை எடுத்துப்போய்க் குப்பைமேட்டுச் சாம்பலின் நடுவே எறிந்து, அது கண்ணுக்குத் தெரியாதபடி ஆழக் கிளறிப் புதைத்தார். அச்சிறுவன் வளர்ந்து எழுத்தாளனாகி, 1907-ல் 'தந்தையும் மகனும்' என்னும் தன் நூலில் இதனை விவரித்திருக்கிறான்.

இதைப் படிப்போர் பலர் அந்தத் தந்தையைக் கொடியவர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் தம் மகனின் ஆத்மாவைத் தம் உயிரினும் பெரிதாக மதித்தவர். அந்தத் துண்டினால் அவனுக்கு நித்திய நஷ்டம் நேருமென்று மெய்யாகவே அஞ்சியவர். ஆனால் அவருடைய வாழ்க்கையின் மற்றொரு பக்கத்தைப் பார்க்கும்போதுதான் என் மனம் கலங்குகிறது. நீர் வடிந்த வேளையில் டெவன் கடற்கரைப் பாறைக் குழிகளின் ஓரம் மண்டியிட்டு, உள்ளே இதழ் விரித்திருக்கும் கடற்சாமந்திகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் உற்று நோக்கி, அவற்றின் செந்நிறத்தையும் பொன்னிறத்தையும் புள்ளிகளையும் கோடுகளையும் தம் கையாலேயே வண்ணந்தீட்டிப் புத்தகங்களாக வெளியிட்டவர் அவர். கடல்நீர்த் தொட்டியில் உயிர்களை வளர்த்துக் காணும் பழக்கம் ஆங்கிலேயரிடையே பரவியதற்கு 1854-ல் அவர் எழுதிய நூல் முக்கியமான காரணம். மனிதக் கண் படாத பாறை இடுக்கில் சிருஷ்டிகர்த்தா இவ்வளவு வர்ணங்களை வாரியிறைத்திருப்பதை அவர் துதியோடு ஏற்றார். அப்படியானால் படைத்தவன் தானே அலங்காரப் பிரியன் அல்லவா? பயன் ஒன்றே கருதியிருந்தால் இத்தனை நிறங்களுக்கு அவசியம் என்ன? பாறைக் குழியின் சிவப்பைக் கண்டு கண்ணீர் மல்கக்கூடிய ஒரு பக்தர், கணப்பின் மேலுள்ள ஹாலிக் கனியின் சிவப்பு மட்டும் ஆண்டவனுக்கு உவப்பாகாது என்று ஏன் எண்ண வேண்டும்?

அவர் சார்பாக ஒரு விடை கூறலாம்: கடற்சாமந்தி தேவனின் கைவேலை, மேற்பலகையில் செருகிய கிளை மனிதனின் ஏற்பாடு, முன்னதில் வஞ்சகமில்லை, பின்னதில் தற்பெருமை புகுந்துவிடும் என்பதே அந்த விடை. இதில் உண்மையுண்டு. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், ஜெர்மனியிலிருந்து வந்த கண்ணாடிக் குண்டுகளும் அச்சடித்த வாழ்த்து அட்டைகளும் கடைகளில் குவியத் தொடங்கியபோது, அண்டை வீட்டைவிட நம் வீடு மின்ன வேண்டுமென்ற ஆசையும் அவற்றோடு விலைபோயிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், மனிதன் கைபட்டாலே பொருள் அசுத்தமாகிவிடும் என்ற எண்ணத்தை அவதாரத் தத்துவத்தோடு எவ்வாறு இசைவிப்பது? எட்டாம் நூற்றாண்டில், திருவுருவப் படங்களை உடைக்கச் சொன்ன சக்கரவர்த்தியை எதிர்த்து வாதாடிய தமாஸ்கஸ் யோவான், கடவுளே சரீரம் தரித்து வந்த பின்னர் ஜடப்பொருளை இகழ்வதற்கு இடமில்லை என்பதையே தம் வாதத்தின் ஆதாரமாகக் கொண்டார். வைக்கோலும் மரப்பலகையும் கந்தைத் துணியும் அந்த முதல் இரவில் உதவியாயிருந்தன. அவற்றை அங்கே ஒழுங்குபடுத்தியதும் மனிதக் கைகளே.

மாளிகையைவிடக் குடிலின் அலங்காரத்தில் இது தெளிவாகத் தெரிகிறது என்பது என் துணிபு. பெரிய வீட்டில் விருந்துக்கென்றே ஒரு கூடம் இருக்கும். அதை அலங்கரித்தாலும் சமையலறையும் படுக்கையறையும் மாறாமல் அப்படியே இருக்கும். ஒற்றை அறையிலோ, பண்டிகைக்கென்று தனி இடம் ஒதுக்க வழியில்லை. தினந்தோறும் சோறு பொங்கும் நெருப்பின் மேலேயே ஹாலி நிற்க வேண்டும். வேலைக்குப் புறப்படும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தின் மேலேயே ஐவி படர வேண்டும். உத்தரத்து வளையத்துக்குத் தலைகுனிந்தே வீட்டுக்காரன் தன் நாற்காலிக்குப் போக வேண்டும். அன்றாட வாழ்வு முழுவதும் அந்தக் கிளையின் கீழ் வந்துவிடுகிறது. பத்து ஷில்லிங்கில் குடும்பம் நடத்தும் பெண், ஓயாத வேலைக்கு நடுவே ஒரு மாலைப்பொழுதை அதற்காகச் செலவிட்டு, தன் தட்டுகளைத் துடைத்து, இலையின் முள் விரலில் குத்தக் குத்தக் கிளைகளைச் செருகினாளென்றால், வரவிருக்கும் விருந்தினர் யாராயினும் அவரைத் தன் வாழ்வின் மையத்திலேயே உட்காரவைக்கச் சம்மதித்தாள் என்றுதான் நான் பொருள் கொள்வேன். அக்கிளைகளும் நிலைத்திருப்பவை அல்ல. கணப்பின் வெப்பத்தில் இலைகள் சுருளும், கனிகள் சுருங்கும். ஜனவரி 6-ம் தேதியோடோ, வழக்கத்துக்கேற்பப் பிப்ரவரி 2-ம் தேதிக்குள்ளோ அவற்றை இறக்கிவிட வேண்டும். இறக்கியதை எரிக்க வேண்டுமென்று சில ஊர்களும், எரிக்கலாகாதென்று சில ஊர்களும் நம்பின. உடைமையாகச் சேர்த்துவைக்க முடியாத அலங்காரம் அது. டெர்ட்டூலியன் இதைக் கண்டிருந்தாலும் கடிந்திருப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கண்டித்த விக்கிரக வழிபாட்டின் சாயல் இதில் எனக்குத் தென்படவில்லை.

இதனினும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கதவடைத்து, நெருப்பு மூட்டி, பசுந்தழைகளுக்கிடையே இதமாக அமர்ந்திருக்கும் குடும்பம், வெளியே நின்ற ஒரு தம்பதிக்கு இடம் கிடைக்காமற் போன கதையையா கொண்டாடுகிறது? அகத்தின் கதகதப்பே புறத்தை மறக்கச் செய்யுமானால், ஹாலியும் ஐவியும் அந்த மறதிக்குத் திரையாகிவிடாவா? இக்கேள்விக்கு வாதத்தால் விடை கூற என்னால் இயலாது. அக்கால வழக்கம் ஒன்றை மட்டும் காட்ட முடியும். டிசம்பர் 21-ம் தேதி, புனித தோமாவின் திருநாளன்று, இங்கிலாந்தின் பல கிராமங்களில் ஏழைப் பெண்களும் விதவைகளும் வசதியுள்ளோர் வீடுகளுக்குச் சென்று, கிறிஸ்துமஸ் அப்பத்துக்குக் கோதுமையோ சில்லறைக் காசோ கேட்டுப் பெற்றார்கள். சில பகுதிகளில் அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. பெற்ற தானத்துக்குப் பதிலாக ஒரு ஹாலிக் கிளையையோ மிஸில்டோக் கொத்தையோ கொடுத்துவிட்டு வந்தார்கள். அவ்வூர்களில் நிலவுடைமையாளர் வீட்டுக் கணப்பின் மேல் விளங்கிய பசுங்கிளை, தன் வாசலில் வந்து நின்ற ஏழைக்கு அவர் கதவைத் திறந்ததனால் வந்தது. திறக்காத வீட்டுக்கு அவளிடமிருந்து அது கிடைத்திராது.