முடக்குவது யார்?

கலசப்பாக்கம் பகுதியில் நோயுற்றோரைச் சந்தித்து வருகையில், பட்டுத்தறி ஓடும் இல்லம் ஒன்றில் ஓர் அம்மாவைக் கண்டோம். முடக்குவாதத்தால் அவருடைய விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. முன்பு தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர் அவரே. இப்போது பிள்ளைகள் எந்த வேலையையும் தொடவிடுவதில்லை. “நல்லாத்தான் பார்த்துக்கிறாங்க, சாமி. ஆனா உட்கார்ந்து உட்கார்ந்தே கட்டையாப் போயிட்டேன்” என்றார்.

அவ்வில்லத்தில் அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. பிறர் சுமையை முழுவதும் வாங்கிக்கொள்வதுதான் அன்பா? அவரால் இயன்றதை அவரிடமே விட்டுவைப்பதும் அன்பல்லவா?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது இந்நோய். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் இதற்கு நீண்ட படுக்கை ஓய்வைப் பரிந்துரைத்தனர். பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தை மாற்றிவிட்டன. அசையாத மூட்டு இறுகும். உழைக்காத தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது. உடலுழைப்பும் பயிற்சியும் இந்நோயாளர்க்கு நன்மை தருவன, பாதுகாப்பானவை என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. இது மருந்துக்கு மாற்று அன்று. வீக்கம் மிகுந்த நாள்களில் மூட்டுக்கு ஓய்வு தேவை. எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதை மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

அப்படியானால், “எழுந்து நடங்கள்” என்று அறிவுரை கூறிவிட்டால் நம் கடமை தீர்ந்ததா? இல்லை. வலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று நடந்தவர் இன்று எழ இயலாதிருக்கலாம். அவரைச் சோம்பேறி என்பது அநீதி. பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம் ஆண்டவர் முதலில் அவர் விருப்பத்தையே கேட்டார். நடக்கச் சொன்னது பின்னரே. தமக்குத் துணையாக ஆளில்லை என்பதே அம்மனிதரின் முறையீடாக இருந்தது.

பிரான்சு நாட்டு ஓவியர் ரெனுவார் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இதே நோயோடு வாழ்ந்தார். விரல்கள் மடங்கிப்போன பின்பும், 1919-இல் இறக்கும்வரை வரைந்தார். இறுதி ஆண்டுகளில் தூரிகையை அவர் கையில் பிறர் பொருத்திவைக்க வேண்டியிருந்தது. உடனிருந்தோர் இரக்கப்பட்டுத் தூரிகையைப் பறித்திருந்தால், நோய் செய்யாததை அவர்களே செய்திருப்பார்கள்.

அந்த அம்மாவின் பிள்ளைகளிடம் நாம் வேண்டியது இரண்டே. காலை இறுக்கம் தளர்ந்தபின் தெருமுனைவரை அம்மாவுடன் நடந்து வாருங்கள். அவர் விரும்பும் நாளில், மருத்துவர் இசைந்தால், இரண்டு தாராவது சுற்றக் கொடுங்கள். நம் அன்பியங்களும் நோயாளரைக் கண்டு செபித்துத் திரும்புவதோடு நில்லாமல், சிறிது தூரம் அவர்களோடு நடக்கலாம்.

நோயின் பெயரிலேயே முடக்கம் இருக்கிறது. அதனோடு நம் பங்கையும் சேர்க்க வேண்டாம்.