வண்டி நின்ற நேரம்

ஹாம்பர்க் நகரம் எரிகிறது என்ற சேதி லண்டனுக்கு வந்தது. பத்திரிகைக்குப் படம் வேண்டும். தீயைக் கண்ணால் பார்த்த ஓவியர் கைவசம் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து அந்த ஊரின் பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். அதைப் பார்த்து நகரத்தை வரைந்து, கூரைகளுக்கு மேல் தீயை மூட்டினார்கள். படகில் வேடிக்கை பார்க்கிறவர்களையும் மறக்காமல் சேர்த்தார்கள்!

1842 மே 14இல் வந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ முதல் இதழ் அது. 16 பக்கம், 32 படம், விலை 6 பென்ஸ்.

5 வருஷம் கழித்து, அதே பத்திரிகை. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம். இந்த முறை கார்க் நகரத்து ஓவியர் ஜேம்ஸ் மஹோனியை நேரில் போய்ப் பார்த்துவரச் சொன்னார்கள். கிளோனகில்ட்டியில் காலை ஆகாரத்துக்காகக் குதிரைவண்டி நின்றது. பசித்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருத்தி, செத்துப்போன குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தாள். அவள் கேட்டது சோற்றுக்கு அல்ல, சவப்பெட்டிக்கு.

மஹோனி அவளை வரைந்தார். தீ இல்லை, கூட்டம் இல்லை. ஒரு தாய், கையில் குழந்தை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் படங்கள் கிடைத்தால் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாக்ஸ்வுட் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை அவை. அந்த மரத்துக்குப் பருமன் போதாது. பெரிய படம் என்றால் சிறு கட்டைகளைச் சேர்த்துப் பொருத்தி, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துச் செதுக்குவார்கள். ஒருவருக்கு வானம், இன்னொருவருக்கு ஒரு சட்டைக் கை. பொருத்திய இடத்தில் சில சமயம் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். செதுக்கியவர்கள் பாவம், எதையும் நேரில் பார்த்தவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு முன்னால் ஒருவர் பார்த்தாரா இல்லையா என்பது படத்தில் தெரிந்துவிடுகிறது.

இன்று உங்கள் கைபேசிக்கும் எங்கிருந்தோ ஒரு தீ வரும். அடுத்தவருக்குத் தள்ளிவிட விரல் துடிக்கும். அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: “நீங்கள் பார்த்தீர்களா?” பக்கத்துத் தெருவில் நடந்தது என்றால், நீங்களே ஒரு நடை போய்வரலாம். அதிக நேரம் ஆகாது. கிளோனகில்ட்டியில் வண்டி நின்றது காலை ஆகாரத்துக்கு மட்டும்தான்.