நூல் தொட்ட தண்ணீர்

தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கப் போகும் பிள்ளைக்குப் பருத்திச் சட்டை போட்டுவிடுகிறோம். சரியான முன்னெச்சரிக்கைதான். பருத்தியில் தீப் பிடித்தால் எரிந்து கரியாகும். பாலியஸ்டரோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 1941இல் பிரிட்டனில் உருவாகி, இன்று பெட்ரோலியத்திலிருந்து மலைமலையாகத் தயாராகும் அந்த நூல், துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய இழைகளை உதிர்க்கிறது. சாக்கடை வழியே கடல்வரை போகும் அவை எளிதில் மக்குவதில்லை. பாலியஸ்டர் எந்தப் பிளாஸ்டிக்கோ, அதே பிளாஸ்டிக்கை மனித இரத்தத்திலும் ஆய்வாளர்கள் 2022இல் கண்டார்கள். பருத்தியே நல்லது என்று தீர்ப்பெழுத இது போதும் என்று தோன்றும்.

நொய்யல் ஆறு அப்படி எழுத விடாது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரைக் கடந்து காவிரியில் சேரும் அந்த ஆற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு அவ்வூர்ப் பருத்திப் பனியனின் சாயத்துக்கு உண்டு. பருத்தி இழையில் சாயம் ஏற, சாயத் தண்ணீரில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது; அலசிய தண்ணீரோடு வெளியேறிவிடும். பாலியஸ்டர் சாயத்துக்கு இவ்வளவு உப்பு தேவையே இல்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்புக் கரித்தன. நம் உடம்புக்குச் சுகமாயிருந்த பனியன்தான் ஆற்றோரத்து விவசாயியின் வயலைப் பாழாக்கியது. மலிவாக வாங்கியபோது நாம் தராத மீதி விலையை அவர் கொடுத்தார்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மீண்டும் இயங்கின. தண்ணீரைச் சுத்திகரித்து, கழிவிலிருந்து உப்பை மீட்டு, இரண்டையும் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றியது. அதே பருத்தி, அதே சாயம். கழிவுக்குப் பொறுப்பேற்கும் கை மட்டும் புதிது.

ஆகவே எந்த நூலுக்கும் பிறவியிலேயே பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. செடியில் விளைந்ததா, எண்ணெயில் பிறந்ததா என்று கேட்பதோடு நம் அக்கறை நின்றுவிடக் கூடாது. வழியில் அது யாருடைய மண்ணைத் தொட்டது, துவைத்த பின் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். நம் தோலுக்கு இதமாக இருப்பது பாதி உண்மைதான். அந்த நூல் தொட்ட தண்ணீரை யார் குடிக்க வேண்டுமோ, அவருக்கும் தீங்கில்லை என்றால்தான் அது நல்ல துணி.