இத்தாலிப் பேரில் மாட்டுக்கறி

உண்மையைச் சொல்லிக்கொண்டே பொய் சொல்ல முடியுமா? முடியும். நான் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் டவுனில் வாடகைக்கு வீடு தேடிய நம் ஆட்களுக்குத் தெரியும். "நீங்க என்ன ஆளுக?" என்று இப்போது யாரும் நேராகக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? அப்பா என்ன பாத்தாக?" என்று சுற்றி வளைத்து வருவார்கள். எனக்கு வீடு கொடுத்த அக்கா கொஞ்சம் வெளிப்படையானவர். "ஆடு, கோழி, மீனு எதுனாலும் ஆக்கிக்கம்மா. பெருசு மட்டும் வேணாம்" என்றார். பெருசு என்றால் மாடு. பேரைச் சொன்னால் வாயே தீட்டாகிவிடும் போல. தமிழ்நாட்டில் மாட்டுக்கறி உண்பதற்குச் சட்டத்தில் தடையில்லை. வாடகை ஒப்பந்தத்திலும் இதுபற்றி ஒரு வரி இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் போனது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேகம்பூர்ப் பக்கம் போய் ஒரு கிலோ தொடைக்கறி வாங்கி, துணிப்பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். குழம்பு வைத்தால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஒரு சமையல் புத்தகத்தில் படித்த இத்தாலி வகையைச் செய்தேன். தென் இத்தாலியில் அதன் பேர் பிரச்சோலே. கறியை அகலமான மெல்லிய துண்டுகளாக்கி, உலக்கையால் தட்டி, நடுவில் ரொட்டித்தூள், பூண்டு, தழை, உலர்திராட்சை, பாலாடைக்கட்டி வைத்துப் பாய் மாதிரிச் சுருட்ட வேண்டும். நூலால் கட்டி, எண்ணெயில் சிவக்க வாட்டி, தக்காளிச் சாற்றில் ரெண்டு மணி நேரம் சிறுதீயில் வேகவைக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் தக்காளியும் சிறுமலைப் பக்கத்துக் கொத்தமல்லியும் அதற்கு ஒத்துப்போயின. பாலாடைக்கட்டிக்கு வழியில்லை, நிலக்கடலையை இடித்துப் போட்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். "என்னத்துக்குடி கறிய நூலப் போட்டுக் கட்டியிருக்க? மாடு எந்திரிச்சு ஓடிரப் போகுதா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ஜன்னல ஏன் சாத்தியிருக்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் சேரியில் பாட்டி உப்புக்கண்டத்தைக் கயிற்றில் கோத்து, வெயிலில், வாசலிலேயே காயப்போடுவாள். காக்கா விரட்ட நான்தான் குச்சியோடு உட்கார்ந்திருப்பேன். அந்தக் குழந்தைக்கு ஒளிக்கத் தெரியாது. எம்.ஏ. தமிழ் படித்து டவுனுக்கு வந்தவளுக்குத்தான் ஜன்னலைச் சாத்தத் தெரிந்திருக்கிறது. அந்தப் படிப்பிலும் இது நடந்தது. அகநானூற்றில் மழவர் கொழுத்த ஆவைக் கொன்று புழுக்கித் தின்கிற இடம் வந்தபோது, பாடம் நடத்தியவர் அதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போனார்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வீட்டுக்கார அக்கா. "என்னத்தம்மா ஆக்குற? வாசம் மாடி வரைக்கும் தூக்குது!"

"இத்தாலிச் சமையல்க்கா" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் முழுப் பொய்.

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். "புள்ளைக்கு ரெண்டு குடேன். ருசி பாக்கட்டும்."

இங்கேதான் கேள்வி. ஜன்னலைச் சாத்தியபோது சொன்ன பொய்யும், கிண்ணத்தை நிரப்பினால் சொல்லப்போகிற பொய்யும் ஒன்றா? இல்லை என்பது என் முடிவு. என் சட்டியில் என்ன வேகிறது என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. உரிமையில்லாத கேள்விக்கு உண்மையைச் சொல்ல நான் கடன்படவில்லை. ஆனால் கிண்ணம் அவருடையது. அதிலிருந்து தின்னப்போகிற வாய் அவர் பிள்ளையுடையது. என் தட்டை நீ தீர்மானிக்காதே என்று சொல்கிற நான், அவர்கள் தட்டை அவர்களுக்குத் தெரியாமல் எப்படித் தீர்மானிக்க முடியும்?

"அக்கா, இது மாட்டுக்கறி" என்றேன்.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. பத்து நாள் கழித்து, "தங்கச்சி மக இங்க தங்கிப் படிக்க வர்றா, வீடு வேணும்மா" என்றார்.

தோழர்கள் சிலர் என்னைத் திட்டினார்கள். "குடுத்திருக்கணும். தின்னதுக்கப்புறம் சொல்லியிருக்கணும். அதுதான் கலகம்." நான் யோசித்துப் பார்த்தேன். ஏமாற்றித் தின்ன வைத்துப் பழிதீர்த்தேன் என்று மகிழ்ந்தால், மாட்டுக்கறி அவர் உடம்பைக் கெடுத்துவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? தீட்டு என்கிற அவர்கள் ஆயுதத்தைத்தான் நான் கையில் எடுத்திருப்பேன். நாம் சொல்வது வேறு. இது சோறு, இதில் தீட்டு இல்லை. அப்படியென்றால் பேரைச் சொல்லித்தான் பரிமாற வேண்டும்.

பேர் மாற்றினால் மதிப்பு வருமா என்ற கேள்வியும் உண்டு. ரோம் நகரில் டெஸ்டாச்சோ என்ற பகுதியில் 1975 வரை பெரிய மாடறுப்புக் கூடம் இருந்தது. நல்ல கறியெல்லாம் வசதியானவர்களுக்குப் போய்விடும். வால், குடல் போன்றவை அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியோடு சேர்த்துக் கிடைக்கும். அந்த மாட்டு வாலைத் தக்காளியில் வேகவைத்த பண்டம் இன்றும் அந்தத் தொழிலாளிகளின் பேராலேயே வழங்குகிறது. இன்று ரோம் உணவகங்களில் அதைக் காசு கொடுத்து உட்கார்ந்து தின்கிறார்கள். அங்கே அந்தச் சோற்றில் வறுமை ஒட்டியிருந்தது, பிறப்புத் தீட்டு ஒட்டவில்லை. அதனால் வறுமை கழன்றதும் பேர் பெருமையாகிவிட்டது. திண்டுக்கல் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள் வீட்டுக் குழம்பு எந்த உணவகத்துப் பலகையில் அவர்கள் பேரோடு ஏறியிருக்கிறது?

தோலுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஆம்பூரில், 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். அரசாங்கமும் வீட்டுக்கார அக்காவும் ஒரே ஜன்னலைத்தான் சாத்துகிறார்கள்.

அம்பேத்கர் 1927 மகாடு மாநாட்டில் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்றார். எங்கள் சேரியிலும் பாட்டன் காலத்தில் செத்த மாடு தூக்க மாட்டோம் என்று நின்றார்கள். அதே அம்பேத்கர்தான் 1948இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், பார்ப்பனியம் தன் மாட்டுக்கறியை விட்டுப் பசுவைப் புனிதமாக்கிய பிறகும் அதை உண்டுவந்த சிதறுண்ட மக்கள் தீண்டப்படாதவர்கள் ஆனார்கள் என்று வாதிட்டார். இரண்டும் முரண் அல்ல. திணிக்கப்பட்ட சோற்றை மறுப்பது சுயமரியாதை. நாமாக விரும்பி வாங்கி ஆக்குகிற சோற்றை ஒளிக்காமல் தின்பதும் சுயமரியாதைதான். அடுத்தவன் கட்டளைக்காகத் தின்பதும், அடுத்தவன் கட்டளைக்காக விடுவதும் ஒரே அடிமைத்தனத்தின் இரண்டு பக்கங்கள்.

அதன்பின் வீடு பார்க்கப் போனபோதெல்லாம் முன்பணம் பேசுமுன்பே சொன்னேன்: "நான் மாட்டுக்கறி ஆக்குவேன்." மூன்று வீட்டில் கதவு சாத்திக்கொண்டது. நாலாவது வீடு கிடைத்தது. அது டவுனைத் தாண்டி, பஸ் விட்டு இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

"மறுபடியும் ஊருக்கு வெளியதானா?" என்றாள் அம்மா.

"ஜன்னல் தெறந்திருக்கும்மா" என்றேன்.

அது போதுமா என்று அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.