கூரையில்லாத ஹெரால்டை விற்பது

ஆசையாக வைத்திருந்த ஒரு பொருளை விற்க வேண்டி வரும்போது, அதை யாருக்கு விற்பது என்பது அறம் சம்பந்தப்பட்ட கேள்வியா, இல்லை வெறும் விலை சம்பந்தப்பட்டதா? ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். "எவன் கூடக் குடுக்குறானோ அவனுக்கு. இதுல என்ன ப்ரோ யோசன?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன். பொருளாதாரம் படித்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்கள். யார் அதிகம் தரத் தயாரோ அவருக்குத்தான் அந்தப் பொருள் அதிகம் தேவை. பழைய போனை விற்க இந்த வாதம் போதும். ஆனால் பையில் இருப்பதே இவ்வளவுதான் என்று நிற்கிறவனுடைய ஆசையை இது எதை வைத்து அளக்கும்?

இந்தக் கேள்வி எனக்கு என் தாய்மாமாவின் கார் வழியாக வந்தது. மதுரையில், அவர் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். மாமா தவறிப்போய் ஒரு வருஷம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பணம் வேண்டும். "நீதான் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுவியே, அதுல போட்டு வித்துக் குடுய்யா."

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது. ஹெரால்ட் 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அப்போது மற்ற கம்பெனிகள் உடலையும் சேஸியையும் ஒன்றாக இணைத்துச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்ட் ட்ரையம்ஃப் கம்பெனிக்கு முழு உடலையும் அடித்துத் தர ஆள் கிடைக்கவில்லை. அதனால் தனி சேஸி செய்து, உடலைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னோக்கித் திறக்கும், முதலை வாயைப் பிளப்பது மாதிரி. 1961-லிருந்து இதே கார் மெட்ராஸில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவில் தயாரானது. 948 சி.சி. எஞ்சின், இரண்டு கதவு. நம் குடும்பங்களுக்கு இரண்டு கதவு எப்படிப் போதும்? 1968-ல் மெட்ராஸ்காரர்கள் நாலு கதவு வைத்த ஹெரால்ட் செய்தார்கள். அது இங்கிலாந்தில்கூட இல்லாதது. பிறகு கெஸல் வந்தது, அதற்கும் பிறகு 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார். அதோடு கம்பெனி எழுந்திருக்கவில்லை.

இந்த ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதே மிக்கெலோட்டி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார். மாமாவுக்கு எப்படியோ இந்தத் தகவல் தெரிந்திருந்தது. ஹெரால்டின் கூரையும் தனித் துண்டுதான், போல்ட்தான். எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கூரையைக் கழற்றிக் கொல்லையில் வைத்துவிட்டார். பின்னால் மடிக்கிற மாதிரி ஒரு ரெக்ஸின் படுதா. "ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வக்கில்லாதவனுக்கு ஆண்டவன் போல்ட்ட குடுத்திருக்கான் மாப்ள" என்பார்.

மதுரையில் திறந்த காரை ஓட்ட ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் தேறும். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழரை வரை. அதற்கு மேல் வெயில் மண்டையில் இறங்கிவிடும். அழகர்கோவில் ரோட்டில் போய், மலையடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். சில நாள் ஒத்தக்கடை வழியாக. யானைமலை மொத்தமும் தலைக்கு மேலே தெரியும், கண்ணாடிக்கோ கூரைக்கோ வெளியே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வேகம் ஒன்றும் கிடையாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓட்டுகிற பால்காரர் எங்களை முந்திக்கொண்டு போயிருக்கிறார்.

சரி, விற்பனைக்கு வருகிறேன். ஓ.எல்.எக்ஸில் போட்டேன். படம் ஏற்றிய பத்து நிமிஷத்தில் "லாஸ்ட் ப்ரைஸ்?" என்று ஏழு பேர். வணக்கம்கூட இல்லை. ஒருவர் மட்டும், "ஓடுமா, சும்மா நிக்குமா?" என்று கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. தொழில் ரகசியம் என்று இதற்குக் காரணம் சொல்வதுண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. நேற்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்ட மாட்டுக்கு இன்றைக்கு ஒரு தொகை சொல்லியாக வேண்டும், ஆனால் அதை ஊர் கேட்க வேண்டாம், மாடும் கேட்க வேண்டாம். விற்பதைத் தப்பு என்று அவர்கள் நினைக்கவில்லை. அதற்கு ஒரு திரை வேண்டும் என்று மட்டும் நினைத்தார்கள். மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்றுதான் பொருள். இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது, துண்டின் வேலையை இன்பாக்ஸ் செய்கிறது.

ஜல்லிக்கட்டு ஊர்களில் இன்னொரு தெளிவும் உண்டு. கோவில் காளையை விற்க முடியாது. அது செத்தால் ஊரே கூடி மாலை போட்டுப் புதைக்கும். வீட்டுக் காளையை, எவ்வளவு செல்லமாக வளர்த்திருந்தாலும், கஷ்டம் வந்தால் விற்கலாம். ஊரார் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விற்கக்கூடாதவை எவை என்று முன்கூட்டியே வரையறுத்துவிட்டால் மற்றவற்றை விற்பதில் குற்றவுணர்ச்சி குறைந்துவிடும்போல. நம் தலைமுறையின் சிக்கல், எல்லாவற்றையும் பாதிக் கோவில் காளையாக வைத்திருப்பது. மாமாவின் கார் எனக்குக் கோவில் காளை. அத்தைக்கு, நாற்பது வருஷம் சந்தில் துணி காயப்போட இடம் விடாத இரும்பு. இரண்டுமே நியாயம்தான். ஆனால் சொத்து அத்தையுடையது.

வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் என்றால் நம் பக்கம் தனி மவுசு. பேண்டு வாத்தியம் முன்னால் போக, மல்லிகைச் சரம் சுற்றிய வண்டியில் கோட்டு போட்டு வியர்த்தபடி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பார்க்காமல் யாரும் மதுரையில் வளர்ந்திருக்க முடியாது. அவர் மூன்று லட்சம் சொன்னார். வெள்ளை பெயிண்ட் அடிப்பேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மாமாவின் கார் கரும்பச்சை.

இன்னொருவன் பாலிடெக்னிக் முடித்த பையன், இருபத்தொரு வயது. மூன்று தடவை வந்தான். மூன்றாவது தடவை பானெட்டைத் திறந்து, மேலே கையை வைத்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தான். மிக்கெலோட்டி பேர் அவனுக்குத் தெரிந்திருந்தது. கையில் ஒன்றரை லட்சம். நியாயமாக இந்தக் கார் போக வேண்டிய இடம் அவன் வீடுதான் என்று எனக்குத் தோன்றியது.

இங்கேதான் சிசரோ வருகிறார். கி.மு. 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக அவர் கடமைகள் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதி முழுக்க இந்த மாதிரிச் சிக்கல்கள்தான். ஒருவன் வீட்டை விற்கிறான். வீட்டில் குறைகள் இருக்கின்றன. படுக்கையறைக்குள் பாம்பு வருகிறது, மரச்சட்டம் உளுத்துவிட்டது. விற்பவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒத்துக்கொள்வதில்லை. வாங்குபவன் தெரியாமல் குழியில் விழுவதை அனுமதிப்பது, வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட மோசம் என்பது அவர் கட்சி. சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். நானும்தான். இன்றைக்கு ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கும் எல்லோரும் டயோஜெனிஸின் சீடர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெரால்டில் இரண்டு பாம்புகள் உண்டு. ஒன்று காகிதப் பாம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவில் உள்ள அமைப்பைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. மாமாவின் ஆர்.சி. புக்கில் இருப்பது கூரையுள்ள கார். 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் விதி, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகிறது. ஆனால் சேஸியோ உடலோ எஞ்சினோ மாறியிருக்கக்கூடாது. ஆக, மாமாவை மகிழ்வித்த அதே காரியம் காரை அந்த கௌரவத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. வழி இருக்கிறது, கூரையைத் திரும்ப மாட்டலாம். அது அத்தை வீட்டுக் கொல்லையில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது பாம்புக்கு விஷம் அதிகம். ஹெரால்டின் பின்சக்கர அமைப்பை ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். அச்சு நடுவில் மட்டும் மடங்கும், சக்கரம் அச்சோடு சேர்ந்து சாயும். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியும், பிடிப்பு போய்விடும். ஸ்பிட்ஃபயரிலேயே 1970-ல்தான் இதை ஒழுங்காகச் சரிசெய்தார்கள். அறுபது வயது மாமா அதிகாலையில் நாற்பதில் ஓட்டினால் இந்தப் பாம்பு வெளியே வராது. இருபத்தொரு வயதில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், சீட் பெல்ட் இல்லாமல், நத்தம் பக்கத்து வளைவுகளில் ஓட்டினால்?

இந்த இடத்தில் ஆன்டிபேட்டரே போதவில்லை என்று நினைக்கிறேன். அவர் சொல்லிவிடு என்கிறார். சொன்னேன். பையன் தலையாட்டினான். ஆசைப்பட்டு நிற்பவனிடம் குறையைச் சொன்னால் அதுவும் அவன் காதில் பெருமையாகத்தான் விழும். இந்த கார் லேசுப்பட்டதில்ல, அடங்காதது. காளையைப் பற்றிச் சொல்வது மாதிரியேதான். அப்படியென்றால் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாமா? சாஃப்ட்வேரில் நாற்பது பக்க விதிமுறைகளைக் காட்டி "ஒப்புக்கொள்கிறேன்" பட்டனை அழுத்த வைக்கிறோம். யாரும் படிப்பதில்லை என்பது எழுதியவனுக்குத் தெரியும். சட்டத்துக்கு அது சொன்னதுதான். என் மனசுக்கு அது ஒப்பவில்லை. கேட்டவனுக்குள் இறங்கினால்தான் சொன்னதாக ஆகும்.

மெக்கானிக் அண்ணனை வரச்சொல்லி, பையன் முன்னால் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். இரண்டு சக்கரமும் அடிப்பக்கமாக உள்ளே மடிந்தன, உட்காரப் போகும் ஆட்டின் கால் மாதிரி. "வளைவுல உன்னைய தூக்குனா இப்பிடித்தான் நிக்கும் தம்பி" என்றார் அண்ணன். இப்போது பையன் முகம் மாறியது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "மெதுவாத்தான்ணே ஓட்டுவேன்" என்றான். பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை.

அதற்கு மேல் அவனைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. வயது வந்தவன், கண்ணால் பார்த்துவிட்டான், தெரிந்து கேட்கிறான். இரண்டு பேரும் ஒரே விலை சொல்லியிருந்தால் அவனுக்குத்தான் கொடுத்திருப்பேன், கூரையை முதலில் மாட்டு என்ற ஒரே நிபந்தனையோடு. ஆனால் விலை ஒன்றாக இல்லை. நடுவில் ஒன்றரை லட்சம் இருந்தது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை, மதுரையிலிருந்து மேலூர் தாண்டிச் சிங்கம்புணரிப் பக்கம்தான். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதை கேட்ட எல்லோரும், ஒரு குச்சி நட்டிருந்தால் போதாதா என்று கேட்டிருப்போம். பொருளை அதற்கு உரியவர் கையில் சேர்ப்பது என்ற ஆசையின் உச்சம் அந்தக் கதை. விலையைப் பார்க்காதே, யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கொடு. பையனுக்குப் பாதி விலையில் காரைக் கொடுக்க நினைத்தபோது என் மனதில் ஓடியதும் அந்தத் தேர்தான். ஆனால் பாரி கொடுத்தது பாரியின் தேர். நான் கொடுக்க நினைத்ததோ அத்தையின் முழங்காலை. மீதி ஒன்றரை லட்சத்தை என் கையிலிருந்து போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம். அத்தையிடம் அதைச் சொல்லியும் பார்த்தேன். "ஒங்கிட்ட காசு வாங்கித்தான் நான் காலு மாத்தணுமா? வண்டி என்ன வெல போகுதோ அது போதும்" என்றார். மாமா விட்டுப்போனதில் தன் காலைச் சரிபண்ணிக்கொள்வது அவருக்கு ஒரு மரியாதை. என் தாராளத்தை அதில் கலக்க அவர் விடவில்லை.

கல்யாணக் காரர் வாங்கிக்கொண்டார். ஃபார்ம் 31-ல் வண்டியை அத்தை பேருக்கு மாற்றி, பிறகு 29, 30-ல் அவர் பேருக்கு. குறைகளை இரண்டு பக்கம் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பின்சக்கரம் பற்றிய பத்தியைப் படித்துவிட்டு, "நம்ம வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னாடி போறது சார், அதுக்கு எங்க வளைவு?" என்று சிரித்தார். ஆர்.சி. விஷயத்தைச் சொல்லி, கூரையையும் எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டினால்தான் காகிதம் சரியாக இருக்கும் என்றேன். கூரை வைத்த காரில் எந்த மாப்பிள்ளை ஏறுவான் என்று கேட்டார். வெள்ளை பெயிண்ட் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. விற்பவனுக்குத்தான் அத்தனை கடமைகளும். வாங்கியவருக்கு நம் ஞாபகங்களைக் காப்பாற்றும் கடமை எதையும் சிசரோவும் விதிக்கவில்லை.

பையனுக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கூரைய அவரு எடுத்துக்கிட்டாராண்ணே?" என்றான். இல்லை என்றேன். வந்து பார்க்கலாமா என்று கேட்டான். வரச் சொல்லியிருக்கிறேன். அத்தை இப்போதைக்கு அதன் அடியில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்.