உங்கள் பிள்ளை பின்னால் நிற்கவில்லை!

ஓடப்போகிற பிள்ளைக்கு வியர்ப்பது நியாயம். வேடிக்கை பார்க்க வந்த உங்களுக்கு ஏன் வியர்க்கிறது? குறுவட்டப் போட்டியோ வருவாய் மாவட்டப் போட்டியோ, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அப்பா அம்மாக்களின் முகத்தைப் பாருங்கள். விசில் ஊதும் முன்பே பாதிப் பேர் தோற்றுப்போய் நிற்பார்கள். “பக்கத்து லேன் பொண்ணு என்ன உயரம்!”, “அந்தப் பையன் ஸ்பைக்ஸ் போட்டிருக்கானே!” இந்தப் புலம்பல் எல்லாம் பிள்ளையின் காதில் விழுகிறது. பயந்தது நீங்கள்; தோற்றதாகப் பெயர் வாங்குவது பிள்ளை. இந்த அநியாயத்தை இன்றோடு நிறுத்துங்கள்!

400 மீட்டர் ஓட்டம் தொடங்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே யாரும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. முழு அளவு ட்ராக்கில் இரண்டாவது லேனில் ஓடுபவர், முதல் லேனில் இருப்பவரைவிட 7 மீட்டர் முன்னால் நிற்பார். எட்டாவது லேன்காரரோ 53 மீட்டர் முன்னால்! விவரம் தெரியாதவர் கண்ணுக்கு, உள் லேன் பிள்ளை ஓடாமலே தோற்றதுபோல் இருக்கும். வெளி லேனின் வளைவு நீளம் அதிகம். அதை ஈடுகட்டத்தான் அந்த இடைவெளி. எல்லோருக்கும் தூரம் அதே 400தான். யார் முந்துகிறார் என்பது கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்த பிறகே தெளிவாகும். அதுவரை பொறுக்க உங்களால் முடிகிறதா? முதல் வளைவிலேயே “போச்சு” என்று தலையில் கை வைக்கிறீர்கள். எந்தக் கணக்கில் போச்சு? (மார்க் ஷீட் வரும் நாளிலும் இதையேதான் செய்கிறீர்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை நினைத்துப் பாருங்கள். சிறு வயதிலேயே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பேத்தியை ஓட அனுப்ப அவரும் முதலில் தயங்கியவர்தான். பயிற்சியாளர் கண்ணன் பேசிச் சம்மதிக்க வைத்தார். வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய பெண், டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4×400 தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். உள் லேனுக்கும் உள்ளே இருந்து புறப்பட்ட பிள்ளை! அன்று அந்தப் பாட்டி, “நமக்கெதுக்கு இதெல்லாம்” என்று கதவைச் சாத்தியிருந்தால்? தயக்கம் வரட்டும், தப்பில்லை. அதைப் பிள்ளையின் காலில் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

“நாலாவதா வந்தா என்ன பிரயோசனம்?” என்று கேட்கிறீர்களா? 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நாலாவதாகத்தான் வந்தார். வெண்கலம் நழுவியது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கில். மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5 தங்கம் வாங்கினார். நாலாவது இடம் அவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை. உங்கள் பிள்ளையை மட்டும் எதற்கு உட்கார வைக்கிறீர்கள்?

அண்ணன் கோப்பையோடு வந்தான், தம்பி கடைசியாக வந்தான் என்று ஒரே வீட்டுக்குள் பட்டியல் போடாதீர்கள். ஒரு ஸ்டாப்வாட்ச் எடுங்கள். போன மாதம் தம்பி எத்தனை வினாடியில் ஓடினான், இன்று எத்தனை வினாடி என்று நோட்டில் எழுதுங்கள். அரை வினாடி குறைந்திருந்தால் கோப்பைக்குச் செய்த ஆரவாரத்தை அவனுக்கும் செய்யுங்கள். குறையவில்லையா? நாளைக் காலை அவனோடு மைதானத்துக்குப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். முடிவுக்கோட்டில் தலையையோ கையையோ காலையோ பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில்லை, உடலின் நடுப்பகுதி கோட்டைத் தொடும் நொடியே கணக்கு. ஆகவே கோட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைக்காமல் அதைத் தாண்டி ஓட வேண்டும். பக்கவாட்டில் திரும்பவே கூடாது. பல பிள்ளைகள் திரும்புகிறார்கள். போட்டியாளரைப் பார்க்க என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான்!

அடுத்த ஹீட்ஸுக்குப் பெயர் வாசிக்கிறார்கள். எழுந்திருங்கள்! கைக்குட்டையைப் பையில் வையுங்கள். தொண்டை கிழியக் கத்துங்கள், பிள்ளையின் பெயரை மட்டும். பக்கத்து லேன் பிள்ளைக்கு யாரும் வரவில்லையென்றால், அந்தப் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.